நிரோஜாவின் கைத்துப்பாக்கி என் பூசை மேசைக்கு வந்த விதம்

பெயர்: செல்வமலர் உருத்திரமூர்த்தி. வயது: அறுபத்தொன்று. பிறந்த இடம்: கோண்டாவில், யாழ்ப்பாணம். வசிப்பிடம்: கர்க்லாண்ட், மொன்றியல். தொழில்: வீட்டிலிருந்தபடி தையல். வாக்குமூலம் அளிக்கும் மொழி: தமிழ். மொழிபெயர்ப்பாளர்: செல்வி றொஷினி.

மேற்படி செல்வமலர் ஆகிய நான், எவருடைய வற்புறுத்தலும் இன்றிப் பொலிஸ் நிலையத்தில் கூறுவதாவது:

பேசாமல் இருக்கும் உரிமை எனக்கு உண்டு என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் பின்னர் றொஷினி மூலம் தமிழிலும் எனக்கு விளக்கப்பட்டது. என் சட்டத்தரணியும் வாயைத் திறக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். என் வாய் அப்படிப்பட்ட வாய் அல்ல. இந்த வாக்குமூலத்தைக் கொடுப்பதற்கு ஒரே காரணம், என் அக்காவின் மகள் நிரோஜா மீது பழி விழக்கூடாது என்பதுதான். அவளுடைய முன்னாள் கணவர் ரதீசனின் பக்கத்து ஆட்கள், நிரோஜாதான் துப்பாக்கியைக் கனடாவுக்குள் கடத்தினாள் என்றும், அப்படிப்பட்டவளிடம் பிள்ளையை விடக்கூடாது என்றும் கதை கட்டியிருக்கிறார்கள். கடத்தியவள் நான். நிரோஜாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. பிள்ளை அவளிடம்தான் இருக்க வேண்டும்.

நடந்தவற்றை நடந்த ஒழுங்கில் சொல்லும்படி பதிவு செய்யும் அதிகாரி கேட்டுக்கொண்டார். நான் முன்னுக்கும் பின்னுக்கும் ஓடினால் அவர் பேனாவை மேசையில் வைத்துவிடுகிறார். ஆகவே ஒழுங்காகவே சொல்கிறேன்.

நிரோஜா அமெரிக்காவில் பிறந்தவள், அந்த நாட்டுப் பிரசை. ரதீசனை மணம் முடித்து, மொன்றியலுக்குப் பக்கத்தில் உள்ள லாவலுக்கு வந்தாள். அவர்களுக்குச் சாருஜா என்று ஆறு வயது மகள் இருக்கிறாள். ரதீசனை 'அவன்' என்று சொல்லத்தான் எனக்கு வாய் வருகிறது. வாக்குமூலம் என்பதால் 'அவர்' என்கிறேன். அவர் ஒருநாள் நிரோஜாவின் வலது மணிக்கட்டைக் கார்க் கதவுக்குள் வைத்துக் கதவை அடித்துச் சாத்தினார். எலும்புக்கு உள்ளே தகடு வைக்க வேண்டி வந்தது. அதன் பின்னர் நீதிமன்றம் அவர் அவளை நெருங்கக் கூடாது என்று தடை போட்டது. பிள்ளையை நிரோஜாவிடம் ஒப்படைத்து, அமெரிக்காவுக்குப் போகவும் அனுமதி கொடுத்தது. அவள் எல்லைக்கு அந்தப் பக்கம், வெர்மொண்டில் ஒரு சிற்றூருக்குப் போய், முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அந்த ஊரைத் தெரிந்தெடுத்ததும் நான்தான். காலையில் இங்கே சோறு வடித்துவிட்டுப் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே நிற்கலாம். அக்கா இப்போது உயிரோடு இல்லை. நிரோஜாவுக்குத் தாய் வீடு என் வீடுதான்.

அதன் பின்னரும் ரதீசனின் தொலைபேசி அழைப்புகள் நிற்கவில்லை. வேறு வேறு இலக்கங்களில் இருந்து வரும், எடுத்தால் சத்தம் இராது. இந்த வருடம் வசந்த காலத்தில் ஒருநாள் மட்டும் அவர் வாய் திறந்து, "சாருஜாவின்ரை சிவப்புச் சப்பாத்து வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்தார். அந்தச் சப்பாத்து அந்தக் கிழமைதான் வாங்கியது. நிரோஜா எனக்கு அழைத்து இதைச் சொன்னபோது அவளுடைய பல் அடிக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. அந்த ஊர்ப் பொலிசார் முறைப்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால் அவர்களுடைய நிலையம் அவள் வீட்டில் இருந்து வெகு தூரம்.

அன்றைக்கே நான் முடிவெடுத்தேன். என் கணவர் உருத்திரமூர்த்தி பார ஊர்தி ஓட்டுபவர், எதற்கும் முதலில் 'வேண்டாம்' சொல்லிவிட்டுத்தான் யோசிப்பார். "மலர், இந்த நாட்டிலை கைத்துப்பாக்கி வாங்க விடாங்கள், தற்காப்புக்கு எண்டால் அறவே விடாங்கள்" என்றார். "இஞ்சை ஆர் வாங்கப் போறது? அவள் தன்ரை நாட்டிலை சட்டப்படி வாங்குவாள். நான் தெரிஞ்சு குடுப்பன்" என்றேன். எங்கள் குடும்பத்தில் கூறைச் சேலை முதல் குளிர்சாதனப் பெட்டி வரை நான் தெரிந்து கொடுக்காமல் எவரும் வாங்கியது கிடையாது. அதன் பின்னர் சில நாட்கள் தைக்கும்போதெல்லாம் கைத்துப்பாக்கிகளைப் பற்றிய காணொளிகளைத்தான் பார்த்தேன். ஒரு மணப்பெண்ணின் சட்டைக்குக் கழுத்தை முதுகுப் பக்கத்தில் வெட்டிவிட்டேன், அவ்வளவு உற்சாகம். அதை மறைக்க விரும்பவில்லை.

அதன் பின்னர் ஒரு சனிக்கிழமை காலையிலேயே நானும் நிரோஜாவும் அவளுடைய ஊருக்குப் பக்கத்தில் உள்ள கடைக்குப் போனோம். சாருஜாவைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தோம். முன்பக்கத்தில் தூண்டிலும் சேற்றுச் சப்பாத்தும் விற்கும் கடை அது. பின்பக்கத்தில் நீளமான கண்ணாடிப் பெட்டி, அதற்குள் கைத்துப்பாக்கிகள் நகைக்கடையில் காப்பு அடுக்கியது போல் இருந்தன. என் வயதொத்த, நரைத்த பின்னல் போட்ட டோனா என்ற பெண்மணி எங்களைக் கவனித்தார். நான் அதை எடுங்கள், இதை எடுங்கள், வெளிச்சத்தில் காட்டுங்கள் என்றேன். அவர் ஒவ்வொன்றையும் எடுத்து, உள்ளே குண்டு, சன்னம் ஏதும் இல்லை என்று திறந்து காட்டிய பிறகுதான் கையில் தந்தார். இந்தப் பொறுமையை நான் மொன்றியலில் எந்தச் சேலைக் கடையிலும் கண்டதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், அதிகாரி இது வழக்குக்குத் தேவையில்லை என்று நினைத்தாலும் எழுதிவிடட்டும். ஊரில் சோதனைச் சாவடிகளில் என் இளமைக்காலம் முழுவதும் நான் துப்பாக்கியின் முன்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அதன் பின்பக்கம் எப்படி இருக்கும், கைக்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டேன். எனக்கு மேல் எல்லாம் புல்லரித்தது. பயத்தினால் அல்ல.

எனக்கு முதலில் பிடித்தது ஆகச் சின்னது ஒன்று, சவர்க்காரக் கட்டி அளவு, இளஞ்சிவப்பு நிறம். கைப்பைக்குள் போட்டால் இருக்கிற இடம் தெரியாது. "இதுதான் உனக்கு, பிடிச்சுப் பாரன்" என்று நிரோஜாவிடம் நீட்டினேன். டோனா தலையை ஆட்டினார். சின்னது என்றால் மெதுவாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்து வருகிறார்கள், அது பிழை என்றார். பாரம் குறையக் குறைய உதை கூடும், பிடி சின்னதாக இருந்தால் சின்னவிரலுக்கு இடம் இராது, அந்த உதை முழுவதும் மணிக்கட்டில்தான் போய் நிற்கும் என்றார். நான் நம்பவில்லை. அப்படியானால் நீங்களே சுட்டுப் பாருங்கள் என்று கடைக்குப் பின்னால் உள்ள சுடுகூடத்துக்கு அழைத்துப் போனார்.

காதுக்கு மூடி மாட்டி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, டோனா என் பின்னால் நிற்க, நான் அந்தச் சின்னத் துப்பாக்கியால் ஒரு வெடி வைத்தேன். அது என் கையில் துள்ளிய துள்ளலில் "அம்மாளாச்சி!" என்று கத்திவிட்டேன். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே தோல் எரிந்தது. எதிரே தொங்கவிட்ட குறிக் கடதாசியில் ஓர் ஓட்டைகூட இல்லை. அதன் பின்னர் நான் சிரிக்கத் தொடங்கினேன், நிறுத்த முடியவில்லை. நிரோஜாவும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது எவ்வளவோ காலத்துக்குப் பிறகு.

அதன் பின்னர் டோனா ஒரு ரிவோல்வரைத் தந்தார். விளங்கிக்கொள்ள இலகுவானது, ஆனால் விசையை இழுக்க நல்ல பலம் வேண்டும். நிரோஜா இழுக்க இழுக்க அவளுடைய கை முழுவதும் நடுங்கி, குழல் கூரையைப் பார்த்தது. அதன் பின்னர் 'ட்வெண்டி டூ' என்று சொல்லும் ஆகச் சின்னச் சன்னம் போடும் ஒன்று. உதையே இல்லை என்று சொல்லலாம், நிரோஜாவும் கடதாசியில் அடித்தாள். இதைத் தெரிந்தெடுப்பவர்களும் உண்டு, ஆனால் அந்த வகைச் சன்னம் எப்போதாவது வெடிக்காமல் விடும் என்று டோனா மறைக்காமல் சொன்னார். நிரோஜா அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதன் பின்னர் இன்னும் இரண்டைப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் ஒரே பிரச்சினைதான் வந்தது. சன்னம் ஏற மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். தகடு வைத்த கையால் அவளுக்கு அது அசையவில்லை. முகம் சிவந்து, "விடுங்கோ சின்னம்மா, எனக்கு உது சரிவராது, வீட்டை போவம்" என்றாள்.

டோனா உள்ளே போய் வேறொன்றைக் கொண்டுவந்தார். 'த்ரீ எய்ட்டி' என்ற அளவு. அந்த இளஞ்சிவப்பைவிடக் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் பாரம், கறுப்பு நிறம், பார்வைக்கு ஒன்றும் விசேஷம் இல்லை. நான் தனியாகப் போயிருந்தால் திரும்பியும் பார்த்திருக்க மாட்டேன். கை பலம் குறைந்தவர்களுக்காக மேல்பாகம் இலகுவாக இழுபடும்படி செய்தது என்றார். நெஞ்சுக்குக் கிட்டவாக வைத்து எப்படி இழுப்பது என்று காட்டினார். நிரோஜா கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். அது வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "சின்னம்மா, வருது" என்றாள். இன்னொரு தரம் இழுத்து, "வருது!" என்றாள். அதன் பின்னர் அவள் சுட்ட சன்னங்கள் எல்லாம் கடதாசிக்குள்ளேயே போயின. நான் காதுமூடியையும் கழற்றாமல் நின்று அழுதேன்.

விலை பேசி முடித்தபோது இராகுகாலம் என்பதால் நான் பணம் கட்ட விடவில்லை. அது கழியும் வரை டோனா எங்களுக்குக் கோப்பி ஊற்றித் தந்தார். அந்த மாநிலச் சட்டப்படி வாங்கியவர் மூன்று நாள் பொறுத்துத்தான் துப்பாக்கியைக் கையில் எடுக்கலாம். நிரோஜா அவ்விதமே பொறுத்து, பின்னணிச் சோதனை முடிந்து, தன் பெயரில் எடுத்தாள். எல்லாம் சட்டப்படி நடந்தது. புறப்படும்போது டோனா எங்கள் இருவரையும் பார்த்து, ஒழுங்காகப் பயிற்சி எடுங்கள், இதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று ஊருக்குச் சொல்லாதீர்கள் என்றார். நிரோஜா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

நிரோஜா தன் படுக்கையறை அலுமாரியில் இலக்கப் பூட்டுள்ள இரும்புப் பெட்டி ஒன்றுக்குள் அதை வைத்தாள். அந்தப் பூட்டின் இலக்கத்தைத் தெரிவு செய்து கொடுத்ததும் நான்தான். ஆகவே எனக்கு அது தெரியும்.

அதன் பின்னர் நான் கோயில் மடைப்பள்ளியில் மரக்கறி வெட்டும்போது, ரதீசனின் தாயாருக்கு நெருங்கிய ஒருவரைப் பார்த்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நிரோஜாவிடம் இப்போது கைத்துப்பாக்கி இருக்கிறது, கடதாசியில் நடுப்புள்ளியில் அடிக்கிறாள் என்று கத்தரிக்காய் வெட்டியபடி சொல்லிவைத்தேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். செய்தி போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு தொலைபேசி அழைப்பு ஒன்றும் வரவில்லை. கோடைகாலம் முழுவதும் வரவில்லை. சாருஜா வாசலில் சைக்கிள் ஓடப் பழகினாள். நிரோஜா யன்னல் சீலைகளைத் திறந்து வைக்கத் தொடங்கினாள். இதெல்லாம் என் கெட்டித்தனத்தினால் நடந்தது என்று நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அதன் பின்னர் நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூசைக்குக் கையால் பிடித்து வேலை செய்யும் சாமான் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அம்மன் படத்துக்கு முன்னால் வைப்போம். என் தையல் இயந்திரம், கத்தரிக்கோல்கள், தேங்காய்த் துருவலை, கணவரின் பார ஊர்தித் திறப்புச் சாவி, துளை போடும் கருவி எல்லாம் இருக்கும். புதுச் சாமான் என்றால் அந்த வருடம் கட்டாயம் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அது ஆளை ஏமாற்றும் என்பது என் நம்பிக்கை. தேங்காய்த் துருவலைக்குப் பூசை செய்துவிட்டு, உயிரைக் காக்கிற சாமானை அலுமாரிக்குள் போட்டு வைப்பதா என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நிரோஜாவிடம் கேட்டேன். அவள், "விசர்க் கதை கதையாதேங்கோ சின்னம்மா. எல்லையிலை பிடிச்சால் நான் பிள்ளையையும் பறிகுடுத்திட்டு நிக்க வேண்டியதுதான். அது இந்த வீட்டை விட்டு வெளிக்கிடாது" என்றாள். "சரி, சரி" என்று நான் பேச்சை மாற்றினேன். அவள் மறுத்தாள் என்பதை அதிகாரி தெளிவாக எழுத வேண்டும். எழுதியதை றொஷினி எனக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

அந்தக் கிழமை நிரோஜாவுக்கு வேலை அதிகம் என்பதால் சாருஜாவைப் பார்த்துக்கொள்ள நான் அங்கே போயிருந்தேன். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் நிரோஜா வேலைக்கும் போன பிறகு இரும்புப் பெட்டியைத் திறந்தேன். ரவைக்கூட்டைக் கழற்றி, சன்னங்களோடு பெட்டிக்குள்ளேயே வைத்தேன். டோனா காட்டித் தந்தபடி உள்ளே ஒன்றும் இல்லை என்று திறந்து பார்த்தேன். அதன் பின்னர் வெறும் துப்பாக்கியைப் பட்டுத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, பெட்டியைப் பூட்டினேன். பூசை முடிந்த மறுநாளே கொண்டுபோய் வைத்துவிடலாம், அவளுக்குத் தெரியவும் வராது என்பது என் எண்ணம். நிரோஜா வந்ததும் நான் புறப்பட்டேன். எல்லையில் கனடா அதிகாரி துப்பாக்கி, மது, புகையிலை ஏதும் உண்டா என்று கேட்டார். "இல்லை, பூசைச் சாமான் மட்டும்தான்" என்றேன். அது பொய். அவர் கையசைத்து விட்டதும் காருக்குள் தனியாக இருந்து உரத்துச் சிரித்தேன். வெட்கம் கெட்ட சிரிப்பு, ஆனால் சிரித்தேன்.

ஆயுத பூசை அன்று மேசை நிறைந்து போயிருந்தது. துப்பாக்கியை நடுவில் வைத்து, அதன் மேல்பாகத்தில் சந்தனப் பொட்டும் குங்குமமும் இட்டு, ஒரு செவ்வந்திப் பூவும் வைத்தேன். என் வாழ்நாளில் நான் வைத்த பூசைகளில் அதுதான் வடிவானது. கற்பூரம் காட்டி முடித்ததும் படம் எடுத்து, "நிரோஜாவின்ரை காவலாளியும் இந்த வருசம் எங்கடை பூசையிலை" என்று எழுதி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். அந்தக் குழுவில் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் எல்லா இடத்துச் சொந்தங்களும் உண்டு. நிரோஜா மட்டும் இல்லை. ரதீசனுக்குப் பயந்து அவள் எல்லாக் குழுவில் இருந்தும் முன்னமே விலகிவிட்டாள். இதயங்களும் கைகூப்பும் படங்களும் வந்து குவிந்தன. ஸ்காபரோவில் இருக்கும் என் மச்சாள் வித்தியா, "உன்னை மாதிரி ஒரு சின்னம்மா ஆருக்குக் கிடைக்கும்" என்று எழுதினாள். நான் அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

அதன் பின்னர் என் கணவர் வேலையால் வந்தார். மேசையைப் பார்த்தவர் சப்பாத்தையும் கழற்றாமல் படிக்கட்டில் இருந்துவிட்டார். அவருக்கும் இதில் எதுவும் தெரியாது. "மலர், அந்தப் படத்தை இப்பவே அழியும்" என்று மட்டும் சொன்னார். அழித்தேன். அதற்குள் வித்தியா பெருமையோடு அதைத் தன் சிநேகிதி ஒருத்திக்கு அனுப்ப, அவள் இன்னொருத்திக்கு அனுப்ப, அது ரதீசனின் தங்கையின் கைக்குப் போய்விட்டது. இது எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

மறுநாள் விசயதசமி. சாருஜாவுக்குப் பிடிக்கும் என்பதால் கொண்டுபோகச் சர்க்கரைப் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தேன். பொங்கலை இறக்கும் நேரம் நிரோஜா அழைத்தாள். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது. "சின்னம்மா, அவர் வாசல்லை நிக்கிறார். பொலிசுக்குப் போன் அடிச்சிட்டன், வருகினம். பெட்டியைத் திறந்தன், சன்னம் மட்டும் கிடக்கு. அது எங்கை?" என்றாள்.

எனக்கு வாய் வரவில்லை. இந்த ஒரு தரம் மட்டும்தான் என் வாய் எனக்கு வராமல் போனது. "சின்னம்மா, அது எங்கை?" என்று மறுபடியும் கேட்டாள். அப்போது கதவுக்கு வெளியே இருந்து ரதீசனின் குரல் எனக்கும் கேட்டது. அவர் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "உன்ரை சாமான் கர்க்லாண்டிலை பூசையிலை இருக்கு. கதவைத் திற."

அதன் பின்னர் நிரோஜா என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாருஜாவைக் குளியலறைக்குள் விட்டு, உள்ளால் பூட்டச் சொல்வது கேட்டது. மரம் உடையும் சத்தம் கேட்டது. தொலைபேசி எங்கோ விழுந்தது. நான் அடுப்படியில் நின்று நிரோஜா, நிரோஜா என்று கத்திக்கொண்டிருந்தேன். பொலிஸ் வாகனத்தின் சத்தம் கேட்கும் வரை கத்தினேன்.

நிரோஜா உயிரோடு இருக்கிறாள். சாருஜாவுக்கு ஒரு கீறலும் இல்லை. ரதீசன் அங்கே தடுப்புக்காவலில் இருக்கிறார். குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்ற நிரோஜாவை அங்கிருந்து இழுப்பதற்கு அவர் பிடித்து முறுக்கியது அவளுடைய வலது மணிக்கட்டை. உள்ளே இருந்த தகடு வளைந்துவிட்டது. எந்தக் கைக்கு இலகுவாக இழுபட வேண்டும் என்று அந்தத் துப்பாக்கியைத் தெரிந்தெடுத்தோமோ, அந்தக் கை.

அதன் பின்னர் நானே இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு அழைத்து, என் வீட்டில் கைத்துப்பாக்கி ஒன்று இருக்கிறது, நான்தான் கொண்டுவந்தேன் என்று அறிவித்தேன். பொலிசார் சொன்னபடி அதைத் தொடாமல் வெளியே வந்து புல்லில் நின்றேன். உள்ளே போய் வந்த இளம் அதிகாரி ஒருவர், துப்பாக்கியில் இருக்கும் சிவப்பு இரத்தமா என்று கேட்டார். குங்குமம் என்றேன்.

அந்தத் துப்பாக்கி இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருந்தால் நிரோஜா சுட்டிருப்பாளா என்று அதிகாரி கேட்ட கேள்விக்கு என் பதில்: தெரியாது. சுட்டிருக்கலாம், கை நடுங்கியிருக்கலாம், அவர் பறித்திருக்கலாம். தெரியாததற்கு நான் சத்தியம் செய்ய மாட்டேன். அது அங்கே இருக்கிறது என்று அவர் நம்பியிருந்த வரை அவர் வரவில்லை. அது அங்கே இல்லை என்று அவருக்குத் தெரிவித்தது நான். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

நிரோஜா வைத்தியசாலையில் இருந்து ஒரே ஒரு தரம் பேசினாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "பூசைக்கு எண்டு கொண்டு போனது விளங்குது சின்னம்மா. படம் ஏன் போட்டனீங்கள்?" என்று கேட்டாள். சாருஜா சாப்பிட்டாளா என்று நான் கேட்டேன். அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். அவளுக்குச் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறேன், அவளுக்கும் ஒரு பிரதி கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை றொஷினி முதலில் இருந்து கடைசி வரை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். செயலுக்கான காரணம் என்ற இடத்தில் 'சமய வழக்கம்' என்று அதிகாரி எழுதியிருந்தார். நீதிமன்றத்தில் இது எனக்கு உதவும் என்று சட்டத்தரணியும் சொன்னார். அதை வெட்டச் சொன்னேன். பூசை எவரையும் காட்டிக்கொடுக்கவில்லை. அம்மன் படம் எடுத்து அனுப்பவில்லை. அந்த இடத்தில் 'பெருமை' என்று எழுதும்படி கேட்டேன். அவ்வாறே வெட்டி எழுதப்பட்டு, பக்கத்தில் என் சுருக்கொப்பம் இடப்பட்டுள்ளது.

இந்த ஒரு திருத்தத்தோடு இதில் உள்ள எல்லாம் நான் சொன்னவையே என்றும், அவற்றில் பொய் இல்லை என்றும் ஏற்று, என் சொந்தக் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) செ. உருத்திரமூர்த்தி